பவுனம்மாள் கையில் பட்ட கால்

லைட்ஹவுஸ் குப்பத்தில் பெண்கள் கால்பந்து ஆட்டம் நடக்கும்போது, ஆட்டம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள யாரும் மைதானத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டே பவுனம்மாளின் தொண்டையைக் கவனித்தால் போதும். நம்மவர்கள் கோல் போட்டால் அது ஒரு மாதிரிக் கிழியும், வாங்கினால் வேறு மாதிரி. ஒருமுறை ரெஃபரி தாங்க முடியாமல் ஆட்டத்தை நிறுத்தி, "அந்தம்மாவைக் கோட்டுக்கு அந்தாண்ட நிறுத்துங்க" என்று சொன்னார். கோட்டுக்கு அந்தாண்ட போய் நின்றபின் அவள் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடியது.

அவள் மேல் தப்பில்லை. அவளுக்கு நாற்பத்தேழு வயது. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிப்பது பிழைப்பு. தண்ணீருக்குள் குந்தியபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலை ஓலைக்கூடையில் போட வேண்டும். அந்தக் கூடைக்குப் பறி என்று பேர். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். விடிந்ததிலிருந்து பத்து மணி வரைக்கும் வாயைத் திறக்க வழியில்லாத பெண்பிள்ளை, சாயங்காலம் மைதானத்தில் கத்தாமல் என்ன செய்வாள்?

அவளுடைய மகள் ஆர்த்திதான் அணியின் கோல்கீப்பர். ஆனால் மகளுக்காக மட்டும் கத்துகிறாள் என்று சொன்னால் அது அநியாயம். ஆர்த்தி காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும் அவளுக்குக் கஞ்சியை வைத்துக் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடியவள் அவள். அவளுக்குப் பந்து பிடிக்கும். அதைவிட, பந்தை அந்தக் குப்பத்துக்குள் கொண்டுவந்த வீரராகவன் மாஸ்டரைப் பிடிக்கும்.

மாஸ்டருக்கு அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஐந்து வருடங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றவர், பந்தை மட்டும் விடவில்லை. பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, வெறுங்காலோடுதான் எப்போதும் நிற்பார். காலையில் பெண்களை ஏரிக்குள் முழங்கால் தண்ணீரில் இறக்கி ஓடவிடுவார். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி எடுத்துப் பழகியவளுக்கு மைதானத்து மணல் ஒரு பொருட்டாக இருக்காது என்பது அவர் எண்ணம். பெண்கள் ஓட, அவரும் கூடவே தண்ணீரில் நின்று விசில் ஊதுவார். ஊதிக்கொண்டே திட்டுவார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு எப்படித் திட்ட முடியும் என்று கேட்காதீர்கள், அவரால் முடியும்.

இந்த வருடம் பொங்கல் போட்டியில் திருப்பாலைவனத்து அணியை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிய கையோடு மைக்கை வாங்கிய மாஸ்டர், "எனக்கு இதோட போதும்மா. மாசி பொறந்ததும் அம்பத்தூர்ல பொண்ணு வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டார். வெடித்துக்கொண்டிருந்த பட்டாசு பாதிச் சரத்தோடு அணைந்துபோன மாதிரி ஆகிவிட்டது கூட்டம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் இன்னும் பல வருடங்களுக்குச் சொல்லும். டீக்கடை உதயகுமார், சொந்தக் கல்யாணத்துக்குக்கூட ஃப்ளெக்ஸ் அடிக்காதவன், பத்தடி நீளத்தில் "மாஸ்டர் போகாதீங்க" என்று அடித்துத் தெருமுனையில் கட்டினான். குப்பம் முழுக்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மாஸ்டர் படம். தெரியாத ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு, எப்போது தவறினார் என்று விசாரித்தார்கள். பெண்கள் நாற்பது பேர் மாஸ்டர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது யார் என்று சொல்லவே வேண்டாம். மூன்று நாள் அவள் ஏரிப்பக்கமே போகவில்லை.

"இன்னும் ஒரே ஒரு வருஷம்தானே கேக்குறோம் மாஸ்டர்! எங்க பொண்ணுங்களுக்கு வேற யாரு கீறாங்க?" என்று கத்திக் கத்தியே அவள் தொண்டை கட்டிப்போயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாஸ்டர் வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. "சரி, எழுந்திருங்க. இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான், தெருவே துள்ளியது. உதயகுமார் எல்லாருக்கும் டீ கொடுத்தான். அடுத்த நாளே பழைய ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டு "மாஸ்டர் எங்கேயும் போகல" என்று புதிதாக ஒன்றைக் கட்டினான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு மைதானத்தில் பாராட்டு விழா என்றும் முடிவாயிற்று. பவுனம்மாள் அன்று மாதிரி சந்தோஷமாகத் தூங்கி எட்டு வருடம் ஆகியிருக்கும்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான்.

வியாழக்கிழமை காலை அவள் ஏரியில் இருந்தாள். தண்ணீருக்குள் குந்தியபடி, பல்லில் பறி. கொஞ்ச தூரத்தில் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பக்கம் திரும்பி நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். தண்ணீர் கலங்கல். சேற்றுக்குள் எது பட்டாலும் அவள் விரல்களுக்குத் தெரியும். இறாலா, நண்டா, சிப்பியா, முள்ளை நிமிர்த்திக்கொண்டு கிடக்கும் கெளுத்தியா என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். அன்று ஏதோ கட்டை மாதிரி ஒன்று பட்டது. தடவினாள். விரல்கள் இருந்தன. மாஸ்டருடைய கால்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மனிதர் துள்ளப்போகிறார், திட்டப்போகிறார் என்று சிரிப்புக்கூட வந்தது. ஏரித் தண்ணீரில் காலில் ஏதாவது ஊர்ந்தால் யாராக இருந்தாலும் துள்ளுவார்கள். பாம்போ, கெளுத்தியோ, யார் கண்டது? மாஸ்டர் துள்ளவில்லை.

அவள் மறுபடியும் கையை நீட்டினாள். பாதத்தை அழுத்தினாள். பிறகு கட்டைவிரலைப் பிடித்துத் திருகினாள். பிறகு நகத்தால் கிள்ளினாள். மேலே மாஸ்டர், "ஆர்த்தி, முட்டியத் தூக்கு! தூங்கிக்கினே ஓடுறியா?" என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் கையில் இருந்த கால் அசையவே இல்லை.

பறி அவள் பல்லிலிருந்து நழுவி விழுந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் எல்லாம் தண்ணீரில் போயிற்று. அவள் எடுக்கவில்லை. 

அவள் புருஷன் மாசிலாமணியின் காலும் இப்படித்தான் இருந்தது. எட்டு வருடங்களுக்கு முன்னால் அவன் சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு சிப்பி கிழித்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்? ஒருநாள் அவன் படுத்திருந்தபோது பாயில் எறும்பு வரிசை போவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் காலைத் தூக்கிப் பார்த்தாள். சுகர் என்றார்கள். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரைக்கும். நான்கே மாதத்தில் ஆளையும் எடுத்துக்கொண்டு போயிற்று. அந்த எறும்பு வரிசையை அவள் இன்னும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலமே மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். மனைவியை இழந்து தனியாக இருப்பவர் அவர். திண்பண்டம் எதையோ கொறித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், உங்க காலு மரத்துப்போயிருக்குது."

"யாரு சொன்னது?"

"நானே கிள்ளினேன். ஏரியில. உங்களுக்குத் தெரியவே இல்ல."

மாஸ்டர் சிரித்தார். "அறுபத்து மூணு வயசுல எல்லாந்தான் மரத்துப்போவும், பவுனு."

"சிரிக்காதீங்க மாஸ்டர். சுகர் பார்த்தீங்களா?"

"இருக்குதுதான். அதுக்குத்தானே எம் பொண்ணு சரண்யா கூப்ட்டா. அம்பத்தூர்ல டாக்டர்கிட்டலாம் சொல்லி வச்சிருந்தா. நீங்கதான் வுடலியே" என்றார். குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.  அவரை அந்த வாசலில் பிடித்துக் கட்டிப் போட்டது பவுனம்மாளுடைய தொண்டைதான்.

"இப்பவே கிளம்புங்க மாஸ்டர். போய்க் காட்டிட்டு வாங்க."

"போனா படுக்க வச்சிடுவானுங்க. சித்திரையில ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்குறான். உம் பொண்ணு பேரு முதல்ல கீது. அது முடியட்டும், பார்த்துக்கலாம்."

"பயமா இல்லியா உங்களுக்கு?"

"வலியே இல்ல, பயம் இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இத வெளிய சொல்லிக்கினு இருக்காத. பொண்ணுங்க பயந்துடும்."

வீட்டுக்குத் திரும்பும்போது, சித்திரைக்கு இன்னும் எத்தனை வாரம் என்று அவள் மனது எண்ணத் தொடங்கிற்று. மூன்று மாதம்தானே, அதுவரைக்கும் தாங்காதா, ஆர்த்தி ஒருமுறை ஸ்டேட் டீமுக்குள் போய்விட்டால் போதுமே என்று ஓடியது. பாதித் தெருவில் நின்றுவிட்டாள். மாசிலாமணி காலுக்கு நான்கு மாதம்தான் ஆயிற்று. தன் வயிற்றில் பிறந்ததற்காக இன்னொருவர் காலை வாரக்கணக்கில் அளக்கிறோமே என்று தன்னைப் பார்த்தே அவளுக்குப் பயம் வந்தது.

மறுநாள் ஆர்த்தியிடம் சொன்னாள். ஆர்த்தி கையிலிருந்த கிளவுஸை வீசிவிட்டு, "யம்மா, மூணு நாளு வாசல்ல குந்திக்கினு இருக்கச் சொல்லி அழுததும் நீ. இப்ப போவச் சொல்றதும் நீ. மாஸ்டர் நல்லாத்தான் நடக்குறாரு" என்று போய்விட்டாள். உதயகுமாரிடம் சொன்னாள். அவன் கடையில் இருந்த நான்கு பேரையும் பார்த்துக் கண்ணடித்து, "பவுனக்கா, திருப்பாலைவனத்துக்காரன் இன்னா குடுத்தான்? சும்மா சொல்லு" என்றான். கடையே சிரித்தது. ஆனாலும் சரண்யாவின் நம்பரைக் கொடுத்தான்.

சரண்யா போனில் எல்லாவற்றையும் கேட்டாள்.  பிறகு, "நானும் ரெண்டு வருஷமா சொல்றேன்க்கா. எங்கப்பா எம் பேச்சக் கேக்க மாட்டாரு. மைதானத்துல கத்துறவங்க பேச்சுதான் அவருக்குப் பேச்சு. நீங்க சொன்னாதான் உண்டு" என்றாள்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் பவுனம்மாள் இறால் பிடிக்கவில்லை. விடியும் முன்பே ஏரியில் இறங்கி, மாஸ்டர் வந்து நிற்கும் இடத்தைச் சுற்றிச் சேற்றைத் துழாவிச் சிப்பியாகப் பொறுக்கினாள். கூட வரும் பெண்கள், "இன்னா பவுனு, சிப்பியச் சுட்டுச் சுண்ணாம்புக் காளவாய் போடப் போறியா?" என்று கேலி செய்தார்கள். பல்லில் பறி இருந்ததால் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பறி நிறைய எடுத்தாள். மறுநாள் துழாவினால் அதே அளவு கிடந்தது. அவ்வளவு பெரிய ஏரியை ஒருத்தி எத்தனை நாளைக்குத் துழாவ முடியும்? மாஸ்டர் தண்ணீரில் ஓர் அடி எடுத்து வைத்தால் அவள் அந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தாள். கரையேறியதும் அவர் போன வழியில் ஈரத் தடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். நான்காவது நாள் ஒரு தடத்தில் சிவப்பாக ஏதோ இருந்த மாதிரி இருந்தது. குனிந்து பார்ப்பதற்குள் ஓடிவந்த பெண்கள் மிதித்துவிட்டார்கள். அது வெற்றிலைச் சாறாகவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பத்தான் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானத்தில் தோரணம், ஸ்பீக்கர், மேடைக்குப் பதிலாக மணலில் விரித்த ஒரு ஜமுக்காளம். பின்னால் உதயகுமாரின் "மாஸ்டர் எங்கேயும் போகல" ஃப்ளெக்ஸ். பழவேற்காட்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். மாஸ்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் ரோஜா மாலையோடு, வழக்கம் போல வெறுங்காலோடு நின்றார்.

பவுனம்மாள் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். மைக்கைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது. யார் சிரித்தாலும் சரி, ஆர்த்தி ஆயுசுக்கும் பேசாமல் போனாலும் சரி. ஆனால் அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும், ரெஃபரிக்கே அடங்காத அந்தத் தொண்டை அடைத்துக்கொண்டது. 

பெண்கள் ஒவ்வொருவராக வந்து மாஸ்டர் காலில் விழுந்து எழுந்தார்கள். பிறகு தாய்மார்கள். மாஸ்டர் ஒரு கையால் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துகொண்டே மறுகையில் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். "பவுனக்கா, நீ போ, நீ விழாமலா!" என்று உதயகுமார் அவளைப் பிடித்துத் தள்ளினான்.

அவள் போய்க் காலில் விழுந்தாள். விழுந்ததுமே அந்த வாடை அடித்தது. ரோஜா மாலையையும் மீறி, எட்டு வருடங்களுக்கு முன்னால் அவள் வீட்டில் நான்கு மாதம் அடித்த அதே வாடை. அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஏரியில் துழாவுகிற மாதிரி, இரண்டு கைகளையும் அவருடைய பாதத்தைச் சுற்றிக் கொண்டுபோனாள். கால்விரல்கள் சூடாக இருந்தன. பாதத்தின் ஓரம் வீங்கியிருந்தது. குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால், வெளிப்பக்கமாக, கூராக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

என்னவென்று அவள் விரல்களுக்குத் தெரியும். ஒன்பது நாளாக அதைத்தானே பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நகத்தால் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் நன்றாகப் பிடித்து இழுத்தாள். விரல் கணு நீளத்துக்கு ஒரு சிப்பித் துண்டு வெளியே வந்தது. பின்னாலேயே கருத்த ரத்தமும் சீழும் வந்தன.

"அடுத்த வருஷமும் கோப்பை நமக்குத்தான்" என்று மாஸ்டர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவை ஒரு கோல்லதான் ஜெயிச்சோம். அடுத்த தடவை..."

முதல் வரிசையில் இருந்தவர்கள் கைதட்டவில்லை. பவுனம்மாள் கையிலிருந்ததையும் ஜமுக்காளத்தில் பரவிய ஈரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் முழுக்க அடங்கிப்போயிற்று.

"இன்னா, எல்லாரும் கம்முனு ஆயிட்டீங்க?" என்ற மாஸ்டர் அவர்கள் பார்க்கிற இடத்தைக் குனிந்து பார்த்தார். ஜமுக்காளத்தில் ரத்தம். அவர் முகம் மாறியது. சட்டென்று நிமிர்ந்து, வரிசையாக நின்ற பெண்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாருக்குமா அடிபட்டுது? ஆர்த்தி, உங் காலக் காட்டு! ஏய், யாரு கால்ல ரத்தம்?"

மைக் ஆன் ஆகித்தான் இருந்தது. அந்தக் கேள்வி மைதானம் பூராவும் கேட்டது.  ஆர்த்தி அழத் தொடங்கினாள்.

"உங்க காலுதான் மாஸ்டர்" என்றாள் பவுனம்மாள். எப்படியோ குரல் வந்துவிட்டது. கையை விரித்துச் சிப்பியைக் காட்டினாள். "உங்க கால்லேந்துதான் பிடுங்கினேன்."

மாஸ்டர் சிப்பியைப் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் சிப்பியைப் பார்த்தார். மைக் கீழே விழுந்தது. "எனக்குத் தெரியலியே, பவுனு" என்றார். பதினைந்து வருடமாக விசிலோடு கேட்ட குரல் இல்லை அது.  அவளுடைய தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவர் பயந்துவிட்டார். அதைப் பார்த்தபிறகுதான் பவுனம்மாளுக்கு மூச்சு வந்தது. பத்து நாளாக இந்த ஒரு பயத்தைத்தான் அவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தூக்கிக்கொண்டு போக எதுவும் கிடைக்காமல் உதயகுமார் ஃப்ளெக்ஸையே அவிழ்த்துக் கீழே விரித்தான். மாஸ்டரை அதில் படுக்கவைத்து, நான்கு மூலையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கினார்கள். "மாஸ்டர் எங்கேயும் போகல" என்ற எழுத்து அவருக்கு அடியில் மடங்கிப்போயிற்று. போகாதீங்க என்று வாசலில் உட்கார்ந்த நாற்பது பெண்களும் கூடவே ஓடிவந்தார்கள். ரோட்டில் நின்ற வேனுக்கும் அவர்களுக்கும் நடுவில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. கால் தப்புமா என்று யாருக்கும் தெரியாது. பவுனம்மாள் முன்னால் ஓடினாள். அடைத்திருந்த தொண்டை முழுசாகத் திறந்துகொண்டது.

"வழி வுடுங்கடா!" என்று கத்தினாள். "மாஸ்டர் போறாரு, வழி வுடுங்க!"